வாசனைக்கான கட்டம்

பல் தேய்த்தது வெறும் பிரஷ்ஷால், குளித்தது சோப்பு இல்லாமல், காபி கிடையாது, இட்லி கிடையாது, நேற்று சாயங்காலத்திலிருந்து வெங்காயத்தைத் தொடவில்லை. பார்க்கிறவர்கள் நான் மாலை போட்டிருக்கிறேன் என்று நினைப்பார்கள். என் எதிரே மேசையில் இருப்பதோ மாதிரிக்கு வந்த சின்னப் பாட்டிலில் ஐம்பது மில்லி போர்பன் விஸ்கி. இதை மோந்து, சப்பி, நாலு கட்டத்தில் நாலு வரி எழுதி, நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு மதியம் ஒரு மணிக்குள் அனுப்பவேண்டும். இப்போது பதினொன்றாகப் பத்து நிமிஷம். ருசி பார்க்க இதுதான் நல்ல நேரம் என்பார்கள். பசி லேசாக எட்டிப் பார்க்கும், மூக்கு விழித்திருக்கும். என் மூக்கைப் பற்றி எனக்குத் தெரியாதா, அது விழித்திருந்தாலும் ஒன்றுதான், தூங்கினாலும் ஒன்றுதான். ஆனால் ஊரில் வேறு பேச்சு. தாணுமாலயனுக்கு ஒரு மூக்கு இருக்கிறது ஐயா என்று பெங்களூரில் விஸ்கி குடிக்கிற பெரிய மனிதர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு தடவை மேடையேற்றிச் சால்வை போர்த்திச் சொன்னார்கள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அவர்கள் சொன்ன மூக்கு அப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தது. இப்போது செங்கோட்டையில் அதன் அண்ணனுடைய மர மில்லில் இருக்கிறது. போய் ஒரு வருஷம் இரண்டு மாதம்.

கிளாஸ் சுத்தமாக இருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்கிறேன். வயிறு பருத்து வாய் சிறுத்த கிளாஸ், வாசனை மேலே வந்து குவிய வேண்டும் என்று இப்படிச் செய்கிறார்கள். பாட்டிலின் மூடியைத் திருகி முழுவதையும் ஊற்றிவிட்டேன். பாதியை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம் வந்தது, ஊற்றி முடித்த பிறகு வந்தது. நிறம்: வடிகட்டாத தேயிலைத் தண்ணீரை விட ஒரு பிடி சிவப்பு. முதல் கட்டம் முடிந்தது. நிறத்தைச் சொல்வதற்கு யாரும் வேண்டாம், கண் இருந்தால் போதும். பெல்லியப்பாவிடமிருந்து நேற்றே செய்தி வந்துவிட்டது. அவன்தான் நான் எழுதுகிற இணைய இதழின் ஆசிரியன், குடகுக்காரன், முப்பத்திரண்டு வயது, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்பான். "சார், அதே டிஸ்டில்லரி, அதே மரம், இந்த வருஷத்துப் பாட்டில். அந்தக் குழந்தை லைன் இந்த முறையும் வேணும் சார். வாசகர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பாங்க." குழந்தை லைன். அதற்கு அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. நான் கட்டை விரல் மட்டும் உயர்த்தி ஒரு படம் அனுப்பினேன். என்ன மனிதன் நான்.

அதே மரம். மக்காச்சோளத்தில் காய்ச்சிய சாராயத்தைப் புது ஓக் பீப்பாயில், உள்ளே கரியாகத் தீய்த்த பீப்பாயில், வருஷக்கணக்காக ஊறப் போட்டால் போர்பன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் எடுத்து இன்னொரு மரத்தில் செய்த இரண்டாவது பீப்பாயில் சில மாதங்கள் ஊற்றி வைக்கிறார்கள். இது அம்புரானா என்கிற பிரேசில் நாட்டு மரம். முரட்டு மரம், கொஞ்ச நாள் போதும், முதல் பீப்பாயில் இருந்த அத்தனை வருஷத்தையும் அமுக்கிவிட்டு மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். லவங்கப்பட்டை வரும், இஞ்சி ரொட்டி வரும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. கோமு கையேடு படிக்க மாட்டாள். சங்கரகோமதி என்று முழுப்பெயர், நான் கோமு என்பேன். மர மில்லில் வளர்ந்த பெண். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை மரத்தூள் குவியலில் எறிந்துவிட்டு, எந்த வாளில் என்ன மரம் ஓடுகிறது என்று வாசலிலேயே சொல்லிவிடுவாளாம், மருது, வேங்கை, கோங்கு, அயினி என்று. எங்கள் கல்யாணம் முடிந்து நாகர்கோவில் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அப்பா பெருமையோடு வாங்கிப் போட்டிருந்த கட்டிலில் முகத்தைப் புதைத்துப் படுத்திருந்தவள் தலையைத் தூக்கி, "இங்கேருங்க, மாமாட்ட சொல்லிராதிய. இது தேக்கு இல்ல, உங்கள நல்லா ஏமாத்திட்டான்" என்றாள். அப்பா இருக்கிற வரைக்கும் அதை நாங்கள் இருவரும் சொல்லவில்லை. அவர் அந்தக் கட்டிலைத் தட்டித் தட்டி விருந்தாளிகளிடம் பேசும்போதெல்லாம் அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள்.

சரி, மூக்கு. கிளாஸை ஆட்டக்கூடாது, போர்பனை ஆட்டினால் ஸ்பிரிட் எழுந்து மூக்கைச் சுடும். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, கிளாஸை முகவாயிலிருந்து மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். முதல் தடவை. இனிப்பு. மரம். ஸ்பிரிட். அவ்வளவுதான். என்ன இனிப்பு என்றால் இனிப்பு, என்ன மரம் என்றால் மரம். இதைத்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதினேன், அன்றைய ஆசிரியர் திருப்பி அனுப்பினார். மறுபடி எழுத உட்கார்ந்திருந்தேன். கோமு துணி எடுத்துக்கொண்டு மேசைப் பக்கமாகப் போனவள் நின்று, "என்ன, அடிபட்ட வாழப்பழ வாசன அடிக்கு" என்றாள். சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். நான் அடிபட்ட வாழைப்பழம் என்று இங்கிலீஷில் எழுதினேன். பிரமாதம் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அவள் வேலை என்னவென்றால் கிளாஸ் பக்கமாக நடந்து போவது. நாக்கில் ஒரு சொட்டு வைக்க மாட்டாள், கெஞ்சினாலும் மாட்டாள். மோந்து பார்ப்பாள், அரை நிமிஷம், கண்ணை மூடமாட்டாள், சுவரைப் பார்ப்பாள். சிலேட்டு அழிச்ச துணி. நனஞ்ச சாக்கு. பூட்டிக் கெடந்த வீட்டைத் தொறந்தா வருமே, அது. மழைக்கு முந்தி எங்க மில்லு. நான் ஒவ்வொன்றையும் இங்கிலீஷாக்கி என் பெயரைப் போட்டேன். "குடிகாரனுக்கு வாக்கப்பட்டவ புருசன் வாயத்தான் மோந்து பாப்பா. நா கிளாஸ மோந்து பாக்கேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். உன் பெயரையும் போடட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்வாள் எனத் தெரிந்துதான் கேட்டேன். சொன்னாள். நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது தடவை. மேல் வீட்டில் தாளிக்கிறார்கள். கடுகு, பெருங்காயம், எல்லாம் ஜன்னல் வழியாக இறங்கி வருகிறது, போய்ச் சாத்திவிட்டு வந்தேன். சாத்தினால் சாத்தின அறையின் புழுக்கம் வருகிறது. எனக்கு வாசனை தெரியாதே தவிர வாசனைக்குப் பயப்படத் தெரியும். இந்த வீட்டில் ஊதுபத்தி கிடையாது, பினாயில் கிடையாது, மல்லிகைப்பூ வாங்கினால் அவள் பால்கனியில் வைத்துக்கொள்வாள், தலையில் வைத்தால் அறைக்குள் வரமாட்டாள். மூக்கைக் காப்பாற்றுகிறோம் என்று பெயர். யார் மூக்கை? அவள் மூக்குக்கு மல்லிகை ஒரு தடையே இல்லை, மல்லிகைக்குள்ளிருந்தும் நனைந்த சாக்கை எடுத்துவிடுவாள். நான்தான் இல்லாத ஒன்றை இருபத்துநாலு மணி நேரமும் காவல் காத்தேன். அப்படிப்பட்ட வீட்டில்தான் எங்களுக்கு வடிவு பிறந்தாள். வடிவுக்கு இதயத்தில் கோளாறு. பிறந்து இருபத்தோரு நாள் ஆஸ்பத்திரியில், அப்புறம் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், எடை கூடட்டும், ஆப்பரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று அனுப்பினார்கள். மூக்கில் ஒரு சின்னக் குழாய், அது வழியாகத்தான் ஆகாரம் எல்லாம். நான் குழாயை ஒட்டியிருக்கிற பிளாஸ்டரையே பார்ப்பேன், கன்னத்தைவிடப் பிளாஸ்டர் பெரிதாக இருக்கும். மொத்தம் எழுபத்துநாலு நாள். வீட்டில் ஐம்பத்துமூன்று. அந்த ஐம்பத்துமூன்றில் நான் அவளை எத்தனை தடவை தூக்கினேன்?

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் காலையிலிருந்து நிறம், கிளாஸ், பிரேசில் என்று சுற்றி வந்தேன். வந்துவிட்டது. தூக்குவதற்கு முன்னால் கையைச் சானிடைசர் போட்டுத் தேய்க்க வேண்டும். அந்த நெடி விரலிடுக்கில் ஏறினால் அரை நாளைக்குப் போகாது, கிளாஸைப் பிடிக்கும்போது மூக்குக்கு நேரே நிற்கும். அப்புறம் அவள் மணிக்கட்டில் வசம்பு. தலையில் எண்ணெய். அந்த மாதம் எனக்கு முதல் தடவையாக ஒரு பெரிய போட்டிக்கு நடுவராக அழைப்பு வந்திருந்தது, ஒரு நாளைக்கு முப்பது கிளாஸ், கோமு பக்கத்தில் இருக்கமாட்டாள், நானே மோந்து நானே சொல்லியாக வேண்டும். பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன். அதனால் ஹாலில் படுத்தேன். "கொஞ்சம் பிடிங்களேன், குளிச்சிட்டு வந்திருதேன்" என்று அவள் கேட்பாள், "கோமு, இன்னும் ஆறு நாள்தான், போட்டி முடியட்டும்" என்பேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டாள். போட்டி முடிந்தது. முடிந்து அடுத்த வாரம் எழுதித் தர ஒரு ஆர்டர், அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று. மூன்று தடவை தூக்கினேன். இல்லை, நாலு. நாலாவதைச் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. நாலாவது தடவை அவளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள், நான்தான் கொண்டுபோக வேண்டும், யாரோ பன்னீரை முழுப் பாட்டிலாகக் கவிழ்த்திருந்தார்கள், துணி நனைந்து என் சட்டையும் நனைந்துவிட்டது. உச்சந்தலை என் முகவாய்க்குக் கீழேதான் இருந்தது. குனிந்திருந்தால் போதும். குனியவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள், நான் நேராக நடக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

நாக்கு. ஒரு சின்ன வாய் எடுத்து முன் நாக்கில், பக்கத்தில், அடியில் எல்லாம் ஓடவிடுகிறேன். சுடுகிறது. இனிப்பு முதலில் வருகிறது, பட்டை, கொஞ்சம் வறுத்த தேங்காய், அப்புறம் ஒரு கசப்பு நாக்கின் நடுவில் உட்காருகிறது. நாக்கு என்னுடையது, நாக்கு விஷயத்தில் நான் யோக்கியன், எழுதினேன். மூன்றாவது கட்டம் முடிந்தது. முடிவு என்கிற கட்டம்: விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது. கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடிக்கு மேல் பட்டையும் கசப்பும். எழுதினேன். மதிப்பெண்ணும் போட்டுவிடலாம். நடுவில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. வாசனை. ஐந்து வரி வரைக்கும் எழுதலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். மணி பன்னிரண்டு ஐந்து. தண்ணீர் விட்டுப் பார்ப்போம். ஸ்டிராவில் எடுத்து மூன்று சொட்டு விட்டேன், ஒன்றும் வரவில்லை, அவசரத்தில் இன்னும் நாலு சொட்டு. மூடியிருக்கிறது திறக்கும் என்பார்கள், சிலதுக்குத் தண்ணீர் பட்டால் போயே போய்விடும் என்றும் சொல்வார்கள். மூன்றாவது தடவை மோந்தேன். இனிப்பு. மரம்.

போன வருஷத்துக் கிளாஸும் இதே மேசைதான். வடிவு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, கோமு மறுபடி கிளாஸ் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள், பழையபடி சிரிப்பு இல்லை, வாசனை மட்டும் சொல்வாள். எடுத்து மோந்தாள். சுவரைப் பார்த்தாள். அரை நிமிஷம் போயிற்று, ஒரு நிமிஷம் போயிற்று, அவள் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்ன கோமு என்றேன். "வடிவு தல வாசன வருதுங்க" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை, எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த சாமான் கிடைத்துவிட்டதுபோலத்தான் சொன்னாள். கிளாஸை என்னிடம் நீட்டினாள். நான் மோந்தேன். எனக்கு இனிப்பும் மரமும்தான் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், அந்த முகத்தை நான் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. "ஆமா கோமு, எனக்கும் வருது" என்றேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். அப்படியே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், கிளாஸ் எங்களுக்கு நடுவில் கைமாறிக்கொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல அரை மணி நேரம் இல்லை. அதன் பிறகு அவள் படுக்கப் போனாள், நான் எழுத உட்கார்ந்தேன். வாசனைக் கட்டத்தில் எழுதினேன்: பச்சைக் குழந்தையின் உச்சந்தலை, வெதுவெதுப்பு, பால். தொண்ணூற்றுமூன்று மதிப்பெண். நல்ல வரி விழுந்துவிட்டது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், சந்தோஷமாக இருந்தது.

இறக்குமதி செய்தவர்கள் அந்த வரியை அட்டையில் அச்சடித்துப் பாட்டிலின் கழுத்தில் தொங்கவிட்டார்கள். அறிமுக விழாவுக்கு இருவரையும் அழைத்தார்கள். கோமு நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஒருவன் அட்டையைச் சத்தமாக வாசித்தான், வாசித்துவிட்டுக் கிளாஸுக்குள் எட்டிப் பார்த்து, "எங்கே, குழந்தையைக் காணோமே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். மரியாதைக்குச் சிரித்தேன், வாய் தானாகப் போயிற்று, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏதாவது செய்தாக வேண்டும், இப்படியெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன். சிரித்துக்கொண்டே திரும்பியபோது கோமு நின்றாள், கையில் அட்டை, விரலை வரியின் கடைசியில் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து பத்து நாள் சோறு வைத்தாள், துணி மடித்தாள். பதினோராம் நாள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். வருகிறேன் என்றுதான் சொன்னாள். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டு எத்தனையோ தடவை செய்தி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும். சரி, சாப்பிடுங்க.

பன்னிரண்டு முப்பத்தைந்து. போன் அடிக்கிறது, பெல்லியப்பா. "சார், பேஜ் ரெடி, வாசனை மட்டும்தான் பாக்கி. பழையதையே கொஞ்சம் மாத்திக் குடுத்தாலும் போதும் சார். போன தடவை பச்சைக் குழந்தை, இந்தத் தடவை நடக்கிற குழந்தைன்னு போடலாமா?" சிரிக்கிறான். தப்பு அவன்மேல் இல்லை. வடிவைப் பற்றி அவனிடம் நான் சொன்னதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. இருந்திருந்தால் நடந்திருப்பாள், மூன்று வயது, இந்த மேசையின் உயரம்கூட வந்திருக்கமாட்டாள், எட்டிக் கிளாஸைப் பிடித்து இழுத்திருப்பாள். "ஒரு மணிக்கு அனுப்பறேன்" என்று வைத்துவிட்டேன். வைத்த கையோடு, யோசித்தால் மாட்டேன் என்று தெரியும், கோமுவின் நம்பரை அழுத்தினேன். நாலாவது மணியில் எடுத்தாள். முதலில் வாள் ஓடுகிற சத்தம். அப்புறம் அவள்.

"என்ன, இந்நேரத்துக்குப் போன் பண்ணுதிய. சாப்ட்டாச்சா?"

"இல்ல. கிளாஸ் முன்னாடி உக்காந்திருக்கேன்."

"ம்."

"அதே மரம் கோமு. இந்த வருஷத்துது."

வாள் ஒரு தடியின் கடைசிக்கு வந்து சத்தம் மெலிந்தது. அவள் அங்கிருந்து நகர்ந்து நடக்கிறாள் போல, செருப்புச் சத்தம் கேட்டது. "வருதா?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் இருந்த ஆசையை நான் எப்படிச் சொல்வேன். ஆமா என்று சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவாள் என்று தோன்றியது. வந்து கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பாள், தோளில் சாய்வாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. கிளாஸைப் பார்த்தேன், ஏழு சொட்டுத் தண்ணீர் விட்ட கிளாஸ், அடியில் இரண்டு வாய் மிச்சம். "எனக்குத் தெரியல கோமு" என்றேன். அதோடு நிற்க முடியவில்லை. "எனக்கு அன்னைக்கும் வரல. வருதுன்னு சும்மா சொன்னேன்."

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"பால்னு எழுதிருந்திய," என்றாள். "வடிவு மேல ஒருநா பால் வாசன வந்திருக்கா? எல்லாம் குழாய் வழியால்லா போச்சு. வாயில ஒரு சொட்டு பட்டு, வழிஞ்சு, கழுத்துல புளிச்சுப்போயி, அந்த வாசன ஒருநாளாவது வந்திராதான்னு நா எப்படி ஏங்குனேன் தெரியுமா. அட்டையில பாலுன்னு பாத்ததும் இவரு புள்ளைய மோந்தே பாக்கலன்னு தெரிஞ்சு போச்சு."

நான் சிரித்ததைப் பற்றி ஏதோ சொன்னேன், அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என்று ஆரம்பித்தேன்.

"சிரிச்சதுக்காவா நா கிளம்பி வந்தேன்," என்றாள் கோமு. "நாலு பேரு சிரிச்சா நீங்களும் சிரிப்பிய, அது எனக்குத் தெரியாதா. எனக்கும் வருதுன்னு சொன்னிய பாருங்க. ரெண்டு வருசங் கழிச்சு அன்னைக்குத்தான், அவள நா மட்டும் தூக்கிட்டு நிக்கல, நீங்களும் ஒரு கை பிடிச்சிருக்கியன்னு நெனச்சேன். அந்த அர மணி நேரம் எனக்கு என்னமா இருந்துச்சு தெரியுமா. அதுவும் பொய்யின்னா நா அங்க யாரு கூட இருக்க?"

எனக்கும் அந்த அரை மணி நேரம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், என்ன முகத்தோடு சொல்வது. அழுதேன். போனில் கேட்டிருக்கும். அவள் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை, வைக்கவும் இல்லை. தூரத்தில் இன்னொரு தடியைத் தூக்கி வாளில் வைக்கிறார்கள், யாரோ அக்கா இது அயினியா பாருங்கக்கா என்று கூப்பிட்டார்கள், இருங்க வாரேன் என்றாள். நான் அவசரமாகக் கேட்டேன், இதைக் கேட்காமல் விட்டால் இனி கேட்க முடியாது என்று பட்டது.

"எப்படி இருந்துச்சு கோமு? வடிவு தலை. பால் இல்லேன்னா பின்ன என்ன வாசன? எனக்கு மட்டும் சொல்லேன்."

அவள் சொல்வதற்குத் தயாரானாள். எனக்குத் தெரியும், பத்து வருஷம் அந்த மௌனத்துக்குப் பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன், சுவரைப் பார்க்கிற மௌனம் அது. மூச்சை உள்ளே இழுத்தாள். என்னுடைய வலது கை, நான் சொல்லாமலே, மேசைமேல் இருந்த பென்சிலை எடுத்தது. பென்சில் மேசையில் உரசின சத்தம் இத்தனூண்டு இருக்கும்.

"வேண்டாம்," என்றாள். "எழுதிருவிய."

இல்லை கோமு, எழுதமாட்டேன் கோமு என்று சொன்னேன். இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பேன். அவள் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "லோடு வந்திருக்கு, வைக்கட்டா. சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள். பென்சில் கையில்தான் இருந்தது. அதைக் கீழே போட்டேன், உருண்டு கீபோர்டில் முட்டி நின்றது. மிச்சம் இருந்த இரண்டு வாயையும் குடித்துவிட்டேன், ருசி பார்க்கவில்லை, குடித்தேன். இந்த மாதிரி மரத்துக்குக் காலிக் கிளாஸில்தான் உண்மை தெரியும் என்று தொழிலில் சொல்வார்கள், ஸ்பிரிட் எல்லாம் பறந்து மரம் மட்டும் நிற்கும். கழுவாமல் வைத்திருந்து மோந்து பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. மேல் வீட்டுத் தாளிப்பு அடங்கிவிட்டது, ஜன்னலைத் திறந்தேன். சட்டையின் முதல் பொத்தான் கழன்றிருந்தது, போட்டுக்கொண்டேன். ஐம்பத்தைந்துக்குக் காலிக் கிளாஸை எடுத்து, முகவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு, இந்தத் தடவை கிளாஸை மேலே தூக்காமல் தலையைக் குனிந்தேன். முழுக்கக் குனிந்தேன். இனிப்பு வந்தது. மரம் வந்தது. அப்புறம் நனைந்த துணியிலிருந்து வருகிற பன்னீர் வந்தது, சட்டையெல்லாம் ஈரமாகிற அளவுக்கு வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, எவ்வளவு நேரம் இழுத்தாலும் ஒன்றும் இல்லை. என் மகளைப் பற்றி எனக்கென்று இருக்கிற வாசனை அது ஒன்றுதான். இந்த மூக்கு தானாகக் கண்டுபிடித்த முதல் வாசனையும் அதுதான். பெல்லியப்பா மறுபடி கூப்பிட்டான், அடித்து ஓய்ந்தது. வாசனைக்கான கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் ஒரு மணிக்கு அனுப்பினேன்.